பத்து ரூபாயும் ஒரு பழைய சேலையும்



மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரைக் கேள்விப்படாத வீடு நம்ம ஊர்களில் இருக்காது. மகளுக்குக் கல்யாணம் வைத்தபோது அவர் பெயரில் இருந்த திருமண நிதி உதவிக்கு எழுதினோம். இப்போது பிள்ளை காலேஜில் சேர்ந்ததும் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிற புதுமைப் பெண் திட்டத்துக்கு எழுதுகிறோம். அதுக்கும் அந்த அம்மா பெயர்தான். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கணக்கு எழுதுகிறவள் என்பதால் நானே நிறைய பேருக்கு இந்த விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து கொடுத்திருக்கேன். ஒரு நாள் ஒரு தங்கச்சி, இந்த அம்மா யாரு, பழைய மந்திரி யாருக்காவது தாயாரா என்று கேட்டாள். அங்கே இருந்தவங்க ஆளுக்கு ஒன்று சொன்னாங்க.

ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனுஷியின் வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லித் தலைவி அக்கா கேட்டதும் எனக்கு இந்தப் பெயர்தான் தோணுச்சு. அவர் எந்த மந்திரிக்கும் தாயார் இல்லை. சின்ன வயசில் காசுக்கு விற்கப்பட்ட பெண் குழந்தை. வளர்ந்த பிறகு, ஒரு பெண் பிள்ளையை எப்படி விற்கிறார்கள், யார் வாங்குகிறார்கள், ஏன் யாருமே அதை விற்பனை என்று சொல்வதில்லை என்பதையெல்லாம் ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர். அதனால்தான் இந்த மலரில் அவர் கதை இருக்கணும் என்று நினைச்சேன்.

திட்டத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1989இல் தமிழக அரசு அவர் நினைவாகத் திருமண உதவித் திட்டத்தைத் தொடங்கியது. எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணுக்கு ஐயாயிரம் ரூபாய். பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால்தான் பணம் என்பது அதில் வைத்த நிபந்தனை. பிறகு தொகை கூடியது, தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022இல் அதையே உயர்கல்வி உதவியாக மாற்றினாங்க. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் காலேஜுக்கோ, ஐ.டி.ஐ.க்கோ போனால் மாதம் ஆயிரம் ரூபாய். கல்யாணத்துக்குப் பணம் போய் இப்போ படிப்புக்குப் பணமா என்று நம்ம கூட்டத்திலேயே சில பேர் வருத்தப்பட்டாங்க. எனக்கு என்னவோ அந்த அம்மா இருந்திருந்தால் இரண்டாவதைத்தான் கேட்டிருப்பார் என்று தோணுது. ஏன் என்பது அவர் கதையைப் படித்தால் உங்களுக்கே புரியும்.

அவர் பிறந்தது 1883இல், திருவாரூரில். வளர்ந்தது மூவலூரில். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில், கும்பகோணம் போகிற வழியில் இருக்கிற ஊர். அப்போது மயிலாடுதுறைக்கு மாயவரம் என்று பெயர். இசை வேளாளர் குடும்பம். நாதஸ்வரம், தவில், பாட்டு, நடனம் எல்லாம் வாழையடி வாழையாக வருகிற குலம். அந்தக் குலத்துக் குடும்பங்கள் பலவற்றில் பெண் குழந்தைக்குப் பொட்டுக் கட்டுகிற வழக்கமும் இருந்தது.

இளைய தலைமுறைக்குப் பொட்டுக் கட்டுதல் என்றால் என்ன என்று தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வயசுக்கு வராத பெண் பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், சாமிக்கே மனைவி என்று சொல்லித் தாலி மாதிரி ஒரு பொட்டைக் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு மனுஷனோடு கல்யாணம் கிடையாது. கோயிலில் ஆடணும், பாடணும், விளக்கு எடுக்கணும். அதுக்காகக் கோயில் மானிய நிலம் அந்தக் குடும்பத்துக்கு இருக்கும். ஆனால் நிஜத்தில் அவளை யார் வைத்துக்கொள்வது என்பதை ஊரில் பணம் உள்ள மிராசுதாரும் ஜமீன்தாரும் முடிவு செய்தார்கள். பெரிய கலைகளைக் காப்பாற்றிக் கொடுத்த பெண்கள் அவர்கள், அதை மறுக்க முடியாது. அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களும், தன் பெயரில் சொத்து வைத்திருந்த பெண்களும் அவர்களில்தான் அதிகம் இருந்தார்கள். ஆனால் அந்த வாழ்க்கைக்குள் போகிற பிள்ளைக்கு வயசு ஏழோ எட்டோ. அவளை யாரும் கேட்டதில்லை.

ராமாமிர்தத்தின் அப்பா குடும்பத்தைக் காப்பாற்ற வழி இல்லாமல் ஊரைவிட்டுப் போய்விட்டார். கையில் சின்னப் பிள்ளையோடு அம்மா தனியாக நின்றார். பக்கத்தில் இருந்த ஒரு தாசிப் பெண்ணிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டார். கொடுத்ததற்கு வாங்கியது பத்து ரூபாயும் ஒரு பழைய சேலையும். இவர் வாழ்க்கையைச் சொல்கிற எல்லோரும் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்றாங்க. பிள்ளைக்கு அப்போது ஐந்து வயசு இருக்கும்.

பத்து ரூபாயைவிட அந்தப் பழைய சேலைதான் என் மனசில் நிற்குது. அன்றைக்குப் பத்து ரூபாய்க்கு இன்றைக்கு இருப்பதைவிட மதிப்பு அதிகம், சரி. ஆனால் இன்னொருத்தி கட்டிக் கழித்த சேலையும் வேண்டும் என்று வாங்கிக்கொண்ட தாய் எந்த நிலைமையில் இருந்திருப்பாள்? அவள் மேல் எனக்குக் கோபம் வரமாட்டேங்குது. கையெழுத்துப் போட்டால் அவசரத்துக்கு ஐயாயிரம் கொடுக்க ஒரு குழு அவளுக்கு இல்லை. புருஷன் போன பிறகு கதவைத் தட்டிக் கேட்க ஒரு ஆள் இல்லை. வந்து கேட்டது பிள்ளையை வாங்குகிறவள் மட்டும்தான்.

இன்னொன்றையும் கவனிங்க. இதை அன்றைக்கு யாரும் விற்பனை என்று சொல்லவில்லை. தத்து என்று சொன்னார்கள். 1860இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்திலேயே, சிறு பெண்ணை விபசாரத்துக்காக விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று 372, 373 என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. இவர் பிறப்பதற்கு இருபது வருஷத்துக்கும் முன்னால் வந்த சட்டம்! ஆனாலும் தாசிகள் பெண் குழந்தையைத் தத்து எடுப்பது குல வழக்கம் என்று சென்னை மாகாணத்து நீதிமன்றங்களே ஏற்றுக்கொண்டிருந்தன. பெயரை மாற்றினால் போதும், சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும்.

வாங்கிய வீட்டில் பிள்ளையைப் பட்டினி போடவில்லை. பாட்டு, நடனம், படிப்பு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ஏனென்றால் அது முதலீடு. வயதான தாசிக்கு வருமானம் நின்றுபோனால், வளர்த்த பெண்ணின் சம்பாத்தியத்தில்தான் சாப்பாடு. அதனால் அந்த வீடுகளில் பெண் குழந்தைக்கு மதிப்பு அதிகம். வளர்க்கிறவள் அன்பாகவும் இருப்பாள், கணக்கும் வைத்திருப்பாள். சாப்பாடு போட்டேன், நகை போட்டேன், வித்தை கற்றுக்கொடுத்தேன், இப்போ நீ எனக்குச் செய் என்பதுதான் பேச்சு. அந்தக் கடனை ஒரு பெண் ஆயுசுக்கும் அடைக்க முடியாது. உள்ளே இருந்து பார்த்ததால் ராமாமிர்தத்துக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. பின்னாளில் மேடையில் பேசியபோதும், கதை எழுதியபோதும் இந்தக் கணக்கைத்தான் அவர் பிரித்துப் பிரித்துக் காட்டினார்.

வயசு வந்ததும், பணக்காரக் கிழவர் ஒருவரோடு அவரைச் சேர்த்துவிட ஏற்பாடு நடந்தது. அவர் மறுத்தார். தனக்கு இசையும் நடனமும் சொல்லிக்கொடுத்த சுயம்பு பிள்ளையைக் கல்யாணம் செய்துகொண்டார். இன்றைக்குப் படிக்கும்போது இது ஒரு வரியில் முடிந்துபோகிற சங்கதி. ஆனால் அந்த வழக்கத்தில் வளர்ந்த பெண் ஒருவனைத் தாலி கட்டிப் புருஷன் என்று சொன்னால் இரண்டு பக்கமும் பகை. வளர்த்தவர்களுக்குப் போட்ட முதல் போச்சு. வெளியே இருக்கிறவர்கள் தாசி தாசிதான் என்று வீட்டுக்குள் சேர்க்கமாட்டார்கள். இந்த இரண்டாவது பகைதான் பெரிது என்பதை அவர் தன் வாழ்க்கையிலேயே பார்த்தவர்.

பிறகு பொது வாழ்க்கைக்கு வந்தார். முதலில் காங்கிரஸ். கதர், தீண்டாமை ஒழிப்பு என்று வேலை பார்த்தார். 1925இல் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியபோது இவரும் வெளியேறி, சுயமரியாதை இயக்கத்தில் சேர்ந்தார். அரசியலில் எத்தனை கொடி மாறினாலும் அவர் கையில் எடுத்த வேலை ஒன்றுதான். பொட்டுக் கட்டுவதை நிறுத்தணும்.

அதை அவர் செய்த விதத்தைத்தான் நாம பார்க்கணும். மாநாட்டில் தீர்மானம் போட்டதோடு நிற்கவில்லை. எந்த வீட்டில் பிள்ளைக்குப் பொட்டுக் கட்டப் போகிறார்கள் என்று தெரிகிறதோ அந்த வீட்டுக்கே போய்ப் பேசினார். பெற்றவளிடம் பேசினார், வளர்க்கிற கிழவியிடம் பேசினார். இந்த வாழ்க்கையை விட்டு வருகிற பெண்ணைக் கட்டிக்கொள்ள அந்தக் குலத்து இளைஞர்களிடமும் பேசினார். தானும் இப்படி விற்கப்பட்டவள்தான் என்பதை அவர் மறைத்ததில்லை. வெளியில் இருந்து ஒரு படித்த அம்மா வந்து சொன்னால், உனக்கு என்ன தெரியும் என்று வாயை அடைத்துவிடலாம். இவரிடம் அப்படிச் சொல்ல முடியாது.

எதிர்ப்பு சும்மா விடுமா? பெண்ணை வைத்துப் பிழைத்த கிழவிகளுக்கு வருமானம் போகும். மிராசுதாருக்குப் பெருமை போகும். நடுவில் ஆள் பிடித்துக் கொடுத்த தரகர்களுக்குக் கமிஷன் போகும். மேடையில் அவரைத் தாக்கினார்கள் என்றும், கூந்தலை அறுத்துவிட்டார்கள் என்றும், அதற்குப் பிறகு அவர் முடியைக் குட்டையாகவே வைத்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு முடி போவது என்றால் என்ன அவமானம் என்று நமக்குத் தெரியும். அடுத்த கூட்டத்துக்கும் அவர் போனார்.

அதே நேரத்தில் சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்குள் இதே போராட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய தாயாரும் இசை வேளாளர் குலம்தான். 1927இல் இந்த வழக்கத்தை நிறுத்தணும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். கோயில் வேலை செய்தால்தான் மானிய நிலம் என்ற கட்டு இருக்கும்வரை பெண்கள் வெளியே வரமாட்டார்கள் என்பதால், அந்தக் கட்டை அவிழ்க்க 1929இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். வேலை செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்ணுக்கே என்றானது. இதை நான் ரொம்ப யோசித்துப் பார்த்தேன். புத்தி சொல்வதற்கு முன்னால் சோற்றுக்கு வழி பண்ணியிருக்கிறார். 1930இல் பொட்டுக் கட்டுவதையே தடை செய்யும் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. காந்தியைக் கைது செய்ததைக் கண்டித்து அந்த வருஷமே பதவியை விட்டுவிட்டார். இந்த வாழ்க்கையிலிருந்து தப்பி வந்த பெண்களைத் தங்கவைக்க ஒரு இடம் வேணும் என்று அவ்வை இல்லம் தொடங்கினார்.

மசோதாவை எதிர்த்து மனுக் கொடுத்தவர்களில் தாசிப் பெண்களும் இருந்தார்கள். கலை அழிந்துபோகும், பிழைப்புப் போகும், எங்களை விபசாரிகள் என்று சொல்லாதீர்கள் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரலை. அவர்கள் பயந்தது மாதிரியே பலருக்கு நடக்கவும் செய்தது. பாட்டும் நடனமும் பெரிய சபாக்களுக்குப் போயின, ஆடிய குடும்பங்களில் பல ஏழ்மையில் நின்றன. ஆனால் ஐந்து வயசுப் பிள்ளையைக் கொடுத்தால்தான் கலை பிழைக்கும் என்றால், அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? ராமாமிர்தம் அம்மையார் முத்துலட்சுமி அம்மாவின் பக்கம் நின்றார். ஒருத்தர் டாக்டர், சட்டசபை உறுப்பினர். இன்னொருத்தர் தெருவில் நின்று பேசுகிறவர். சட்டசபையில் தோற்றுப்போன பேச்சு மாயவரத்துத் தெருக்களில் நிற்காமல் போனது இவரால்தான்.

1936இல் ஒரு நாவல் எழுதினார். தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர் என்று பெயர். மைனர் என்றால் இங்கே ஊதாரிப் பணக்கார வாரிசு. தாசி வீட்டுத் தாயும் மகள்களும் பணக்காரர்களை எப்படி வளைக்கிறார்கள், சொத்து எப்படிக் கரைகிறது, வீட்டில் இருக்கிற மனைவி என்ன பாடுபடுகிறாள் என்று போகிற கதை. அந்த வாழ்க்கையை விட்டு வந்த பெண்களே கூட்டம் போட்டு மற்றவர்களை மீட்பதும் அதில் வரும். தரகர் என்ன பேசுவார், கிழவி என்ன சொல்லிக்கொடுப்பாள் என்பதெல்லாம் அப்படியே இருக்கும். கண்ணால் கண்டவர்தான் அப்படி எழுத முடியும்.

ஒன்றை மட்டும் சொல்லணும். அந்த நாவலில் தாசிப் பெண்கள் மேல் அவருக்கு இருக்கும் கோபம் எனக்கு அதிகமாகத் தெரியுது. விற்கப்பட்டு வந்தவளையே மோசக்காரி என்று காட்டுவது நெருடுது. அவர் சொல்ல வந்தது வலை என்ற சொல்லில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். வலையில் விழுந்தவளுக்கே வயதான பிறகு வலை பின்னத்தான் தெரியும். இன்றைக்கும் பிள்ளைகளை ஆள் பிடித்துக் கொடுப்பதில் பெண்கள் இருப்பதைப் பார்க்கிறோம். அவர்களில் பல பேர் ஒரு காலத்தில் அப்படிப் பிடிக்கப்பட்டவர்கள்தான்.

1938இல் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு படை நடந்தது. 42 நாள் நடை. அதில் போன ஒரே பெண் இவர். வயசு 55. அந்த நவம்பரில் சென்னையில் டாக்டர் தருமாம்பாள் முதலான பெண்களோடு மறியல் செய்து ஆறு வாரம் ஜெயிலில் இருந்தார். இதெல்லாம் தனியாக எழுத வேண்டிய கதை. ஜெயிலில் இருந்து வந்த பிறகும் பழைய வேலையை விடவில்லை. 1945இல் அண்ணா நடத்திய திராவிட நாடு பத்திரிகையில் தாசி வாழ்க்கையைப் பற்றி ஒரு தொடர்கதை எழுதினார்.

1947இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில்தான் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. முத்துலட்சுமி அம்மா மசோதா கொடுத்து 17 வருஷம் கழித்து! பெண்ணைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவது செல்லாது. சடங்கு செய்தாலும், செய்ய விட்டாலும், உடந்தையாக இருந்தாலும் தண்டனை. ஏற்கெனவே பொட்டுக் கட்டிய பெண்ணும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம். அந்தக் கடைசி விஷயத்தைப் படித்தபோது சுயம்பு பிள்ளையைக் கட்டிக்கொண்ட பெண்தான் எனக்கு ஞாபகம் வந்தாள். அந்த 17 வருஷத்தில் எத்தனை பிள்ளைகளுக்குப் பொட்டுக் கட்டினார்களோ. எத்தனை பொட்டு இவர் பேசியதால் நின்றதோ. அதற்கு எந்தப் புத்தகத்திலும் கணக்கு இல்லை.

1949இல் பெரியார் மணியம்மையைத் திருமணம் செய்துகொண்டது இவருக்குப் பிடிக்கவில்லை. அவரை விட்டுப் பிரிந்து, தி.மு.க. பக்கம் வந்தார். எத்தனை பெரிய தலைவராக இருந்தாலும் மனசுக்குச் சரியில்லை என்றால் சொல்லிவிடுகிற சுபாவம். 1962 ஜூன் 27 அன்று காலமானார்.

பொட்டுக் கட்டுவது போய்விட்டது, இப்போ எதுக்கு இந்தக் கதை என்று சிலர் நினைக்கலாம். பொட்டு போனது, பெயர் மாற்றும் வித்தை போகலை. அன்றைக்குத் தத்து. நம்ம காலத்தில் சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்குப் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். நடுவில் உடம்பு முடியாமல் வந்தால் அந்தப் பணம் இல்லை. விடுதியை விட்டு வெளியே போக முடியாது. செங்கல் சூளைக்கு முன்பணம் என்றும், வெளிநாட்டில் வீட்டு வேலை என்றும், வரதட்சணை வேண்டாம் வடக்கே நல்ல மாப்பிள்ளை என்றும் இன்னும் எத்தனையோ பெயர். எல்லா ஆலையும் அப்படி இல்லை, எல்லா வரனும் பொய் இல்லை. ஆனால் எல்லாமே நம்ம வீட்டில் கல்யாணச் செலவும் கடனும் இருப்பதைத் தெரிந்துகொண்டுதான் வாசலுக்கு வருது.

சட்டம் இப்போ தெளிவாக இருக்கு. ஏமாற்றியோ, பயமுறுத்தியோ, ஆசை காட்டியோ, பணம் கொடுத்தோ ஒருவரைச் சுரண்டுவதற்காக ஆள் சேர்ப்பதும், கூட்டிக்கொண்டு போவதும், தங்கவைப்பதும், வாங்கிக்கொள்வதும் ஆள் கடத்தல். 2013இல் தண்டனைச் சட்டத்தில் இதை விரிவாகச் சேர்த்தாங்க, 2024இல் வந்த புதிய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கு. அந்தப் பெண்ணே சம்மதித்துத்தான் வந்தாள் என்பது சாக்கு ஆகாது. இதை எங்க கூட்டத்தில் படித்துக் காட்டியபோது நிறைய பேர் ஆச்சரியப்பட்டாங்க. கடத்தல் என்றால் வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு போவது என்றுதான் சினிமா பார்த்து நினைச்சிருந்தோம். பத்து ரூபாய் கொடுத்து, சேலை கொடுத்து, நல்ல வார்த்தை சொல்லிக் கூட்டிக்கொண்டு போவதும் அதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்க ஊராட்சியில் நடந்ததைச் சொல்கிறேன். எல்லோருக்கும் தெரிந்த, உறவுமுறை சொல்லிப் பழகுகிற ஒரு பெண்மணி வந்தாங்க. ஒரு ஆலையில் வேலை, சாப்பாடு, தங்கும் இடம், வீட்டுக்கு முன்பணம் என்றாங்க. பத்தாவது முடித்த மூன்று பிள்ளைகள் கிளம்பத் தயார். அதில் ஒருத்தியின் அம்மா எங்க குழுதான், கடன் தவணை நின்றுபோயிருந்தது. கூட்டத்தில் அவங்களை யாரும் திட்டலை. கேள்விதான் கேட்டோம். ஆலையின் முழுப் பெயரும் விலாசமும் என்ன? சம்பளம் மாசா மாசம் பிள்ளை பெயரில் வங்கிக் கணக்குக்கு வருமா? வேலை ஒத்துவராவிட்டால் மறுநாளே கிளம்ப முடியுமா? கையில் போன் இருக்குமா? முன்பணத்துக்கு எதில் கையெழுத்து? நம்மில் இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா? அந்தப் பெண்மணி விசாரித்துச் சொல்றேன் என்று போனாங்க, அப்புறம் வரலை. தவணையை மூன்று மாசம் தள்ளிப்போட்டு, அந்த அம்மாவுக்கு ஆடு வாங்கச் சின்னக் கடன் கொடுத்தோம். பிள்ளை பதினொன்றில் சேர்ந்தாள்.

எல்லாக் கதையும் இப்படி முடியலை. வெளியூர் போய், பட்டுத் திரும்பி வந்த ஒரு பிள்ளையைக் குழாயடியில் பேசிய பேச்சை நான் இங்கே எழுத மாட்டேன். அவளைக் கடத்தியவனைவிட அந்தப் பேச்சுத்தான் அவளை அதிகம் அழ வைத்தது. தாசி தாசிதான் என்று சொன்ன அதே பேச்சு. அவள் பெயரில் ஒரு தையல் மெஷினுக்குக் கடன் எழுதும்போது, திருப்பிக் கட்டுவாளா என்று ஒரு உறுப்பினர் கேட்டாங்க. தலைவி அக்கா தானே ஜாமீன் என்று கையெழுத்துப் போட்டாங்க. முதல் ரவிக்கையைத் தைக்கக் கொடுத்ததும் அவங்கதான். இப்போ பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள், தவணை தவறலை.

அந்த வருஷத்திலிருந்து தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கம் தனியாக வைத்திருக்கோம். வெளியூர் வேலைக்குப் போகிற பெண் பிள்ளைகள், தூரத்தில் கட்டிக்கொடுத்த பிள்ளைகள் எல்லோருடைய பெயரும், போன இடமும், கூட்டிக்கொண்டு போன ஆளின் பெயரும் அதில் இருக்கும். புத்தக அட்டையில் சிறுவர் உதவி எண் 1098, மகளிர் உதவி எண் 181 இரண்டும் பெரிய எழுத்தில் இருக்கு. ஒவ்வொரு கூட்டத்திலும் பெயர் படித்து, யாரெல்லாம் வீட்டுக்குப் பேசினார்கள் என்று கேட்டு எழுதுகிறோம். போன மாசக் கூட்டத்தில் ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே ஒன்றும் எழுத முடியலை. போன் அணைத்தே இருக்கு என்று அவள் அம்மா சொன்னாங்க. 181க்குப் பேசிப் புகாரைப் பதிவு செய்திருக்கோம். அந்த அம்மாவோடு எங்க செயலாளரும் ஊக்குநரும் அந்த ஊருக்குக் கிளம்பியிருக்காங்க. மலர் அச்சுக்குப் போகிற இன்றைக்குக் காலையில் கரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பேசினாங்க, மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துடுவோம் என்று.